ஒரே வீட்டில் மூன்று தலைமுறை: பாரம் யாருடையது?

இந்த அத்தியாயம் இலங்கையிலிருந்து அகதியாக வந்து கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கானது. 1983 யூலை வன்முறைக்குப் பிறகு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1995 இல் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் நாட்டையே விட்டவர்கள் இருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த 492 பேரும், 2009 மேயில் போர் முடியும்வரை வன்னியில் இருந்து பின்னர் வந்தவர்களும் இருக்கிறார்கள். வந்த வழிகள் பல. வந்த பிறகு வீட்டுக்குள் எழும் சண்டைகள் மட்டும் பெரும்பாலும் ஒரேமாதிரி இருக்கின்றன.

தகப்பன் சொல்கிறார்: "பிள்ளை என்னை மதிக்குதில்லை." பிள்ளை சொல்கிறது: "அப்பாவுக்கு இங்கத்தையான் ஒண்டும் விளங்காது." அம்மம்மா சொல்கிறார்: "என்னை ஏன் இங்கை கூப்பிட்டனீங்கள்?"

இவை யாரோ ஒருவரின் குணக்கேட்டால் வருபவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிய நாடு ஒரு குடும்பத்தின் மீது நிறைய வேலைகளைச் சுமத்துகிறது. அவற்றில் பல தவறான ஆளிடம் போய்ச் சேர்கின்றன. 12 வயதுப் பிள்ளை வங்கிக் கடிதத்துக்குப் பொறுப்பாகிறது. ஊரில் ஒரு வளவையே ஆண்ட அம்மம்மா, பஸ் ஏற ஒருவரின் துணைக்குக் காத்திருக்கிறார். இந்த அத்தியாயத்தின் ஆலோசனை ஒன்றுதான்: எந்தப் பாரம் யாருடையது என்று வீட்டில் இருந்து கதைத்துப் பாருங்கள், அதை உரியவரிடம் கொடுங்கள்.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது

1988 இல், உளமருத்துவர் மோர்ட்டன் பைசர் தலைமையிலான ஒரு குழு குடிவரவாளர்கள், அகதிகளின் மனநலம் பற்றிக் கனடிய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. நாடு மாறுவது மட்டுமே ஒருவரை நோயாளியாக்குவதில்லை என்பது அதன் அடிப்படைக் கருத்து. குடும்பத்தைப் பிரிந்திருத்தல், மொழி தெரியாமை, தகுதிக்கேற்ற வேலை இல்லாமை, சுற்றியுள்ளவர்களின் வெறுப்பு போன்றவை சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. பதின்ம வயதிலோ முதுமையிலோ நாடு மாறுவதும் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கையில் இடம்பெற்றது. உங்கள் வீட்டில் ஒரு பதின்ம வயதுப் பிள்ளையும் ஒரு முதியவரும் இருந்தால், பாரம் அதிகம் அழுத்தும் இருவர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பங்களில் அடிக்கடி காணும் காரணங்கள் நான்கு.

*காத்திருப்பு.* 1985 இல் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு, அகதி விண்ணப்பதாரர் நேரில் தன் கதையைச் சொல்லும் உரிமையை உறுதிசெய்தது. 1989 முதல் குடிவரவு அகதிகள் சபை அந்த விசாரணைகளை நடத்துகிறது. இது பெரிய உரிமை. ஆனால் மறக்க விரும்பியதை எல்லாம் திகதியோடும் இடத்தோடும் ஒப்புவிக்க வேண்டிய நாளும் அந்த விசாரணை நாள்தான். 'கேஸ்' கிட்ட வரும் வாரங்களில் தாய் தகப்பனுக்கு நித்திரை இல்லை, சிறு சத்தமும் பொறுக்காது. காரணம் சொல்லப்படாத பிள்ளை, பிழை தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறது.

*பிரிவு.* பல வீடுகளில் தகப்பன் முதலில் வந்தார், மனைவியும் பிள்ளைகளும் ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார்கள். இடைக்காலத்தில் அவர் தொலைபேசியில் கேட்ட ஒரு குரல். குடும்பம் வந்து சேர்ந்த மறுநாளே அவர் அதிகாரத்தோடு பேசினால், பிள்ளைக்கு அவர் வீட்டுக்குள் புகுந்த அந்நியராகவே தெரிவார். வீட்டைத் தனியாக நடத்திய தாய்க்கும் திடீரென்று பொறுப்பை விட்டுக்கொடுப்பது கடினம். சேர்ந்து வாழ்வதற்கும் பழக வேண்டும். முதல் ஓராண்டுக்குப் பிள்ளைகளைக் கண்டிக்கும் வேலையைத் தாயிடம் விட்டு, அவர்களோடு நேரம் செலவழிக்கும் வேலையைத் தகப்பன் எடுத்துக்கொண்டால் உறவு விரைவில் ஊன்றும்.

*வேலையும் கடனும்.* ஏஜென்சிக்குக் கட்டிய காசு, ஊருக்கு அனுப்பும் காசு, பேஸ்மென்ட் வாடகை. இவற்றுக்காக இருவரும் வெவ்வேறு ஷிஃப்டில் வேலை செய்கிறார்கள். ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே ஃபாக்டரியில் நிற்கிறார். வெளியே இழந்த மதிப்பை அவர் வீட்டுக்குள் தேடும்போது, பிள்ளையின் சிறு எதிர்ப்பேச்சும் பெரிய அவமானமாகத் தைக்கிறது.

*மொழியின் வேகம்.* பாடசாலைக்குப் போகும் பிள்ளை ஓரிரு ஆண்டில் ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கிவிடும், இரட்டை ஷிஃப்ட் செய்யும் தாய்க்கு வகுப்புக்குப் போக நேரமே இல்லை. அமெரிக்கக் குடிவரவாளர் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் அலெஹாந்திரோ போர்ட்டஸும் ரூபன் ரும்பாவுட்டும் 2001 இல் வெளியிட்ட நூலில் இதை விளக்குகிறார்கள். பிள்ளை மொழியிலும் வழக்கத்திலும் வெகுதூரம் முந்திப்போய், பெற்றோருக்குச் சமூகத்தின் துணையும் இல்லாவிட்டால், வீட்டில் அதிகாரம் தலைகீழாகிறது.

பிள்ளையிடமிருந்து எடுக்க வேண்டியவை

வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் பிள்ளை வாசிக்கிறது, எல்லாத் தொலைபேசியையும் பிள்ளை எடுக்கிறது. முதலில் இது பெருமையாக இருக்கும். பிறகு பிள்ளை வாடகைக் கடனையும் தாயின் நோயையும் அறிந்துகொள்கிறது. ஒரு சொல் பிழைத்தால் குடும்பத்துக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறது. இவ்வளவையும் சுமக்கும் பிள்ளையிடம் இரவு ஒன்பது மணிக்கு "நீ சின்னப்பிள்ளை, வாய் காட்டாதை" என்று சொன்னால், அதில் உள்ள முரண் அதற்கு உடனே தெரியும்.

பிள்ளை செய்யக்கூடியவை: கடையில் பொருள் கேட்பது, பஸ் நேரம் பார்ப்பது, பாடசாலை அறிவித்தலை வாசித்துச் சொல்வது.

பிள்ளை செய்யக்கூடாதவை:

- டொக்டரிடம் தாய் தகப்பனின் நோயை மொழிபெயர்ப்பது
- வழக்கறிஞரிடமும் விசாரணையிலும் பேசுவது
- கடன், வாடகை பற்றிய பேச்சு
- கணவன் மனைவி சண்டையில் பொலிசாருக்கு விளக்கம் கொடுப்பது
- தன்னுடைய ரீச்சர் தன்னைப் பற்றிச் சொல்வதைத் தானே மொழிபெயர்ப்பது

இவற்றுக்கு வேறு வழி உண்டு. அகதி விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரைக் குடிவரவு அகதிகள் சபையே இலவசமாக ஒழுங்குசெய்யும். பல மருத்துவமனைகளிலும் பாடசாலைச் சபைகளிலும் மொழிபெயர்ப்புச் சேவை உண்டு, நேரம் குறிக்கும்போதே "தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும்" என்று கேட்க வேண்டும். 211 என்ற எண்ணுக்கு அழைத்தால், அருகில் உள்ள சேவைகளை மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழில் விசாரிக்கலாம். நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் மத்திய அரசின் 'லிங்க்' ஆங்கில வகுப்புகள் இலவசம். விண்ணப்பம் முடிவாகாதவர்கள் ஒன்ராறியோவில் பாடசாலைச் சபைகளின் ஈ.எஸ்.எல். வகுப்புகளை விசாரிக்கலாம்.

இதுவரை இந்த வேலைகளைச் செய்த பிள்ளையிடமிருந்து அவற்றைச் சட்டென்று பறிக்காதீர்கள். நன்றி சொல்லி எடுங்கள். "இவ்வளவு நாளும் நீ எங்களுக்குப் பெரிய உதவி செய்தனி. இனி டொக்டரிட்டைப் போறதுக்கு ஆள் கேட்டிருக்கிறன். நீ படிக்கிற வேலையைப் பார்." இப்படிச் சொன்னால் பிள்ளையின் உழைப்பும் மதிக்கப்படும், பெரியவரின் இடமும் திரும்பும்.

இன்னொரு பாரம் கண்ணுக்குத் தெரியாது. "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தனாங்கள்" என்ற சொல் அது. தாய் தகப்பனுக்கு அது உண்மை. பிள்ளைக்கு அது அடைக்கவே முடியாத கடன். டொக்டராகவோ எஞ்சினியராகவோ வந்து அதை அடைக்கச் சொன்னால், பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்த நாளில் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரவே பயப்படும். படிப்பில் அக்கறை காட்டுங்கள், அதைத் தியாகத்தின் விலையாக வைக்காதீர்கள்.

பெற்றோர் திரும்ப எடுக்க வேண்டியவை

அதிகாரம் குறைந்ததென்று உணரும் பெற்றோர் இரண்டு திசையில் போகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் தடுக்கிறார்கள். சிலர் "இது கனடா, ஒண்டும் சொல்லேலாது" என்று கைவிடுகிறார்கள். இரண்டிலும் பிள்ளைக்குத் துணை இல்லாமல் போகிறது.

முதலில் அடி பற்றித் தெளிவாக இருப்போம். 2004 இல் உச்ச நீதிமன்றம், பெற்றோருக்குச் சட்டம் விட்ட இடத்தை மிகவும் சுருக்கியது: 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் பதின்ம வயதினருக்கும் அடி கூடாது, பொருளால் அடிக்கக் கூடாது, தலையிலோ முகத்திலோ அடிக்கக் கூடாது. எங்கள் ஆலோசனை இதைவிட எளிது: எந்த வயதிலும் கை நீட்டாதீர்கள். போரையும் ஓட்டத்தையும் கண்ட உடம்புகள் உள்ள வீட்டில் அடி ஒழுக்கத்தைக் கற்பிப்பதில்லை, பழைய பயத்தைத்தான் எழுப்புகிறது.

பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறதென்று நியாயமான சந்தேகம் வந்தால், சிறுவர் பாதுகாப்புச் சேவைக்கு அறிவிக்க ஒன்ராறியோவில் ஆசிரியர்களுக்கும் டொக்டர்மாருக்கும் சட்டக் கடமை உண்டு. சேவையிலிருந்து யாராவது வந்தால் பதற்றப்படாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், வழக்கறிஞரின் ஆலோசனை பெறுங்கள். பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோவதற்காகவே வருகிறார்கள் என்று எண்ணிக் கதவை மூடாதீர்கள்.

இனி, அடிக்குப் பதிலாக என்ன? வீட்டு விதிகளை மூன்றாகப் பிரியுங்கள்.

1. *மாறாதவை.* பாதுகாப்பு சார்ந்தவை: எங்கே போகிறாய் என்று சொல்வது, வன்முறை இல்லை, போதைப்பொருள் இல்லை. இவை ஐந்துக்கு மேல் போகக் கூடாது.
2. *கதைத்து முடிவெடுப்பவை.* வீடு திரும்பும் நேரம், தொலைபேசி, சிநேகிதர் வீட்டில் தங்குவது.
3. *பிள்ளையின் சொந்த முடிவு.* தலைமுடி, உடை, எந்தப் பாட்டுக் கேட்பது.

ஒரு உதாரணம். மகள் கேட்கிறாள்: "அம்மா, பள்ளிக்கூடத்திலை மூண்டு நாள் ட்ரிப் போகினம். நானும் போகட்டோ?" பழக்கப்பட்ட பதில்: "பொம்பிளைப் பிள்ளை வெளியிலை தங்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?" இந்தப் பதில் மகளைவிடச் சனத்துக்கு முதலிடம் கொடுக்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எனக்குப் பயமாயிருக்கு, பிள்ளை. ஆர் ஆர் வருகினம், இரவிலை எங்கை படுக்கிறது எண்டு தெரியவேணும். ரீச்சரோடை கதைச்சுப்போட்டு வியாழக்கிழமை சொல்லுறன்." பயம் ஒளிக்கப்படவில்லை, காரணம் சொல்லப்பட்டது, முடிவு தாயின் கையிலேயே இருக்கிறது. வியாழக்கிழமை கட்டாயம் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு ஒரு விதி, தங்கச்சிக்கு வேறு விதி என்றால், இரண்டையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். பாதுகாப்புக்காக என்று சொல்ல முடியாத வித்தியாசங்களை நீக்குங்கள். பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்து மனதால் விலகுவதற்கு இந்த அநியாயம் பெரிய காரணம்.

மூத்தோருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை

ஸ்பொன்சர் செய்து அழைக்கப்பட்ட தாய் தகப்பனின் நிலைமையைச் சட்டமும் கடினமாக்குகிறது. கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், பெற்றோரை ஸ்பொன்சர் செய்பவர் 20 ஆண்டுகளுக்கு அவர்களின் செலவுக்குப் பொறுப்பு. முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகக் கனடாவில் 10 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே 70 வயது அம்மம்மா ஒரு ரொட்டிக்கும் மகளிடம் காசு கேட்கிறார். பனிக்காலத்தில் வெளியே போக முடிவதில்லை. காலை முதல் மாலை வரை பேரப்பிள்ளையோடு நான்கு சுவருக்குள் இருக்கிறார். பேரப்பிள்ளை வளர்ந்ததும் அவருடைய மொழியில் கதைப்பதையும் நிறுத்திவிடுகிறது.

மூத்தோருக்கு மரியாதை வார்த்தையில் மட்டும் இருந்தால் போதாது. கையில் இருக்க வேண்டியவை இவை:

- *காசு.* மாதாமாதம் கணக்குக் கேட்காத ஒரு தொகை. சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்காமல் கிடைக்க வேண்டும். ஓய்வூதியம் வரத் தொடங்கினால் அது அவருடைய கணக்கில், அவருடைய பெயரில் இருக்கட்டும்.
- *திறப்பு, தொலைபேசி, பஸ் அட்டை.* ஒரு பாதையைக் கூடப்போய்ப் பழக்குங்கள்: வீட்டிலிருந்து கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ நூலகத்துக்கோ. ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு.
- *சொந்தச் சிநேகிதம்.* வாரம் ஒருமுறையாவது தன் வயதினரோடு கதைக்க ஒரு முதியோர் சங்கம்.
- *இல்லை என்று சொல்லும் உரிமை.* பிள்ளை பார்ப்பதை வேலையாக ஒப்படைக்காமல் கேளுங்கள்: "அம்மா, திங்கள் முதல் வியாழன் மட்டும் பிள்ளையைப் பாப்பீங்களோ? வெள்ளிக்கிழமை உங்கடை நாள்."

மூத்தோருக்கும் ஒரு சொல். உங்கள் அதிகாரம் நீங்கள் நன்கு அறிந்த இடத்தில் நிலைக்கும். சமையல், உறவுமுறை, நோன்பு, ஊர்க்கதை, தமிழ் ஆகியவற்றில் உங்களை மிஞ்ச அந்த வீட்டில் ஆளில்லை. பேரப்பிள்ளையைக் கண்டிக்கும் பொறுப்பைத் தாய் தகப்பனிடம் விடுங்கள். அவர்களைப் பிள்ளைகளுக்கு முன்னால் திருத்தாதீர்கள், பிறகு தனியே சொல்லுங்கள்.

சொல்லப்படாத கதை

சில வீடுகளில் போரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படுவதில்லை. சில வீடுகளில் குடித்த இரவுகளில் எல்லாம் கொட்டப்படுகிறது. இரண்டுமே பிள்ளையைப் பாதிக்கின்றன. மௌனமான வீட்டில் பிள்ளை தானே ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்கிறது. கொட்டப்படும் வீட்டில் தாங்க முடியாத காட்சிகளோடு படுக்கைக்குப் போகிறது.

2009 மே 10 அன்று, போரை நிறுத்தக் கோரி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்றவர்களில் இங்கேயே வளர்ந்த இளையோர் பலர் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று எண்ணும் பெற்றோர் அந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு அறிய ஆசை உண்டு, அளந்து சொல்லும் பெரியவர்தான் தேவை.

அளந்து சொல்வது எப்படி:

- பகலில் சொல்லுங்கள், படுக்கும் நேரத்தில் வேண்டாம். குடித்திருக்கும்போது ஒருபோதும் வேண்டாம்.
- சிறு பிள்ளைக்கு இரண்டு மூன்று வசனம் போதும்: "ஊரிலை சண்டை நடந்தது. அதாலை வந்தனாங்கள். இப்ப பயமில்லை."
- வளர்ந்த பிள்ளைக்குத் திகதி, இடம், நடந்தது என்று சொல்லலாம். உடல்கள், சித்திரவதை பற்றிய விபரங்களை ஆற்றுப்படுத்துநரிடம் சொல்லுங்கள்.
- யார் காப்பாற்றினார், யார் உணவு தந்தார் என்பதையும் சொல்லுங்கள். அதுவும் நடந்ததுதான்.
- சொல்ல முடியாவிட்டால், "இப்ப முடியேல்லை, பிறகு சொல்லுறன்" என்பதே நல்ல பதில்.

காணாமல் ஆக்கப்பட்டவர் உள்ள குடும்பத்துக்கு இது இன்னும் கடினம். ஆய்வாளர் போலின் பாஸ், முடிவு தெரியாத இழப்பு சாதாரணத் துக்கத்திலிருந்து வேறுபட்டது என்று காட்டினார். இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அம்மம்மா காத்திருக்கிறார், மகள் மறக்கப் பார்க்கிறாள், பேரனுக்கு ஒன்றும் தெரியாது. மூவரையும் ஒரே முடிவுக்கு வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். பேரனுக்கு இவ்வளவு சொல்லலாம்: "மாமா 2009 இலை காணாமல் போனவர். என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது. அதுதான் மே மாதத்திலை அம்மம்மா ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. அது உன்ரை பிழையில்லை."

வாரம் ஒரு வீட்டுக் கூட்டம்

ஷிஃப்ட் இல்லாத ஒரு அரைமணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தொலைக்காட்சியும் தொலைபேசியும் நிறுத்தப்பட வேண்டும்.

1. ஒவ்வொருவரும் இந்த வாரம் தன்னை அழுத்திய ஒன்றைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை.
2. அது யாருடைய வேலை, யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்.
3. ஒரே ஒரு மாற்றத்தை முடிவுசெய்து எழுதுங்கள்.
4. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குங்கள்.

பிள்ளை ஆங்கிலம் கலந்து பேசட்டும். தமிழ் பிழையாக வந்தால் அந்த அரைமணி நேரத்தில் திருத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்.

எப்போது வெளியே உதவி கேட்பது

கீழுள்ளவற்றில் எதுவும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஃபமிலி டொக்டரிடம் சொல்லுங்கள்: நித்திரையின்மை, கெட்ட கனவு, காரணமில்லாக் கோபம், கூடும் குடி, பிள்ளை பாடசாலைக்குப் போக மறுப்பது, முதியவர் சாப்பாட்டையும் கதையையும் குறைப்பது.

- உடனடி ஆபத்து, அடிதடி: 911
- தற்கொலை எண்ணம்: 988
- பிள்ளைகளும் இளையோரும் பேச 'கிட்ஸ் ஹெல்ப் ஃபோன்': 1-800-668-6868
- அருகிலுள்ள சேவைகளை அறிய: 211

சித்திரவதையையும் போரையும் கண்டவர்களுக்கென்றே ரொறன்ரோவில் சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கான கனடிய மையம் இயங்குகிறது.

"கதை வெளியிலை போயிடும்" என்ற பயம் நியாயமானது, எங்கள் சமூகம் சிறியது. டொக்டரும் ஆற்றுப்படுத்துநரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். உயிருக்கோ பிள்ளைக்கோ ஆபத்து இருப்பது போன்ற, சட்டம் சொல்லும் சில சந்தர்ப்பங்களில் மட்டும் அவர்கள் வெளியே சொல்ல வேண்டி வரும். உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருப்பாரோ என்று தயங்கினால், தொலைபேசி வழியாக வேறு நகரத்தில் உள்ள ஒருவரைக் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

- பிள்ளை செய்யும் ஒரு பெரியவர் வேலையைத் திரும்ப எடுங்கள்.
- மாறாத விதிகளை, ஐந்துக்கு மேற்படாமல், எழுதுங்கள்.
- மூத்தவரின் கையில் ஒரு திறப்பையும் சிறு தொகையையும் கொடுங்கள்.
- முதல் வீட்டுக் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.

சண்டை ஒரே வாரத்தில் நிற்காது. முதலில் அது சற்றுச் சீக்கிரம் முடியும், பிறகு காரணம் என்னவென்று இரு பக்கமும் சொல்லத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்த குடும்பம் தன்னைத்தானே நடத்தத் தொடங்கிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவது என்று பிள்ளையிடமும் கேளுங்கள்.